அக்டோபரில் எழுதப்படும் பட்ஜெட்

பிப்ரவரி 1ஆம் தேதி காலை பதினொரு மணிக்கு நிதியமைச்சர் மக்களவையில் எழுந்து நிற்கிறபோது, அவர் வாசிக்கப்போகும் செலவுக் கணக்கில் பெரும்பகுதி முடிவாகி மாதக்கணக்கில் ஆகியிருக்கும். வரி பற்றிய பகுதி கடைசி நாட்கள் வரை மாறும். செலவுப் பகுதி பெரும்பாலும் அக்டோபரிலும் நவம்பரிலும், டெல்லி நிதியமைச்சகத்தில் ஒரு நீள மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து பேசி முடித்ததுதான். என் பணிக்காலத்தில் நெடுநாள் அந்த மேசையில் கேட்கும் பக்கம் உட்கார்ந்தேன், சமூகத் துறை அமைச்சகம் ஒன்றின் நிதிப் பிரிவு அதிகாரியாக. நடுவில் சில காலம் கொடுக்கும் பக்கத்திலும் இருந்தேன். எது முக்கியம் என்று ஓர் அரசாங்கம் முடிவெடுக்கும் இடம் வெளியில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும் இடம் இல்லை என்பது அங்கேதான் எனக்குப் பிடிபட்டது.

ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் பட்ஜெட் பிரிவிலிருந்து சுற்றறிக்கை வரும். எந்தப் படிவம், எந்தத் தேதி, கூட்டத்துக்கு யார் யார் வரவேண்டும் என்ற விவரங்கள்தான் அதில் இருக்கும். அது வந்த நாளிலிருந்து அமைச்சகத்தில் வேறு பேச்சு இருக்காது. ஒவ்வொரு திட்டப் பிரிவும் மூன்று தொகைகளைத் தரவேண்டும்: போன ஆண்டு உண்மையில் செலவானது, நடப்பு ஆண்டுக்கான திருத்த மதிப்பீடு, வரும் ஆண்டுக்கான மதிப்பீடு. யாரும் இப்படி நீட்டி முழக்கிச் சொல்வதில்லை. ஆக்சுவல்ஸ், ஆர்.இ., பி.இ. அவ்வளவுதான்.

புதிதாகப் பணியில் சேர்ந்தவர்கள் பி.இ.யின் மேலேயே கண்ணாக இருப்பார்கள். வரும் ஆண்டுக்கு எவ்வளவு கூட்டிக் கேட்கலாம், என்ன நியாயம் எழுதலாம் என்று பக்கம் பக்கமாக நோட் போடுவார்கள். பழைய ஆட்கள் நடுவில் இருக்கும் ஆர்.இ. தொகையைத்தான் பார்ப்பார்கள். ஏனென்று ஒரு கணக்கு வைத்துச் சொல்கிறேன்.

ஒரு திட்டத்துக்கு நடப்பு ஆண்டில் 1,000 கோடி ஒதுக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாநிலங்களும் பங்கு போடும் திட்டம். மத்திய அரசு 60, மாநிலம் 40. மாநிலங்களின் ஆண்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் தரும் கூட்டங்கள் ஏப்ரலில் தொடங்கி ஜூன், சில சமயம் ஜூலை வரை இழுக்கும். முதல் தவணை மாநிலக் கருவூலத்துக்குப் போய், அங்கிருந்து திட்டக் கணக்குக்கு வந்து, மாநிலம் தன் பங்கைச் சேர்த்து, மாவட்டத்துக்குச் செலவு அதிகாரம் இறங்குவதற்குள் மழைக்காலம் பாதி முடிந்துவிடும். செப்டம்பர் 30 அன்று கணக்கில் தெரிவது 350 கோடி. அக்டோபரில் கூட்டம். தலைமை வகிப்பவர் செலவினச் செயலாளர். எதிரே எங்கள் நிதி ஆலோசகர், கையில் ஒரே ஒரு பக்க அட்டவணை. அந்த அறையில் திட்டத்தின் நோக்கம் பற்றிக் கேள்வி வந்து நான் அதிகம் கேட்டதில்லை. பாதி வருஷம் போய்விட்டது, மூன்றில் ஒரு பங்குதான் செலவாகியிருக்கிறது, மீதியை எப்படிச் செலவழிக்கப் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

அதற்குப் பதில் சொல்வது எளிதில்லை. கடைசிக் காலாண்டில் ஒதுக்கீட்டில் 33 சதவீதத்துக்கு மேல் செலவு செய்யக் கூடாது, மார்ச் மாதத்தில் மட்டும் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்பாடு இருக்கிறது. ஆர்.இ. 700 கோடி என்று வெட்டப்படும். அடுத்த ஆண்டு பி.இ. பற்றிய பேச்சு அந்த 700இலிருந்து தொடங்கும். நன்றாக வாதாடி 750 வாங்கிவிட்டால் ஏழு சதவீத உயர்வு என்று அது ஏட்டில் ஏறும். 1,000 கோடியாக இருந்த திட்டம் 750 கோடியாகச் சுருங்கியது எங்கும் தீர்மானமாக எழுதப்பட்டிருக்காது. அமைச்சரவையில் யாரும் அந்தத் திட்டம் முக்கியமில்லை என்று சொல்லியிருக்க மாட்டார்கள். நாடாளுமன்றத்தில் யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

கொடுக்கும் பக்கத்துக்கும் நியாயம் உண்டு. அங்கே உட்கார்ந்திருந்தபோது நான் பார்த்த காட்சி வேறு. வருவாய் போதாமல் அரசு சந்தையில் வட்டிக்குக் கடன் வாங்குகிறது. வாங்கிய பணம் மாநில அமைப்புகளின் வங்கிக் கணக்குகளில் செலவாகாமல் கிடக்கிறது. 2021இல் ஒவ்வொரு திட்டத்துக்கும் மாநிலத்துக்கு ஒரே ஒரு மைய முகமை, ஒரே கணக்கு என்று விதி கொண்டுவந்தது இதைத் தடுக்கத்தான். அது சரியான விதி என்றே இன்றும் சொல்வேன். ஆனால் யார் மெதுவாகச் செலவழிக்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்தால் மனம் கனக்கும். பணம் மிக அதிகமாகத் தேவைப்படும் மாநிலங்கள்தான் அவை. பொறியாளர் இல்லை, கணக்காளர் இல்லை, வட்டாரத்தில் கணினி இயக்க ஆள் இல்லை. ஆளில்லாத மாநிலத்தின் தாமதம் மொத்தத் திட்டத்தின் ஆர்.இ.யையும் கீழே இழுக்கும், அடுத்த ஆண்டு அந்த மாநிலத்துக்குப் போகவேண்டியதும் குறையும்.

சென்னைத் தலைமைச் செயலகத்திலிருந்து ஓர் அதிகாரி அக்டோபர் மாதங்களில் தவறாமல் பேசுவார்.

"சார், கோட்டையிலேருந்து பேசறேன். ரெண்டாவது தவணை ஃபைல் இப்ப எங்க சார் இருக்கு?"

"என் மேஜையிலதான் இருக்கு. உங்க யூ.சி.யில ஒரு மாவட்டம் இடிக்குது. போன வருஷக் கடைசி இருப்பும் இந்த வருஷத் தொடக்க இருப்பும் ஒத்துப்போகலை."

"அங்க கணக்காளர் போஸ்ட் காலி சார். பக்கத்து மாவட்டத்துக்காரர்தான் கூடுதல் பொறுப்பாப் பார்த்துக்கறார். நாளைக்கே ஆள் அனுப்பறேன்."

அனுப்பிவிடுவார், சொன்னபடி திருத்திய யூ.சி.யும், அதாவது பயன்பாட்டுச் சான்றிதழும், வந்துவிடும். அனுப்புவதற்கு அவரிடம் ஆள் இருந்தது. இதே சிக்கல் வேறு சில மாநிலங்களில் வந்தால் ஜனவரி வரை தீராது. அப்போது ஆர்.இ. முடிந்திருக்கும். ஒரு மாவட்டக் கணக்காளர் இடம் நிரப்பப்படாததற்கும் தேசிய பட்ஜெட்டில் ஒரு திட்டத்தின் தொகை குறைவதற்கும் இருக்கும் நேரடித் தொடர்பை எந்த ஆய்வறிக்கையிலும் நான் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

பி.இ. முடிவானதும் அந்தத் தொகையைத் தலைப்புகளில் பிரித்து எழுதவேண்டும். இந்த வேலையை வெளியில் யாரும் கண்டுகொள்வதில்லை. எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான். அரசின் ஒவ்வொரு செலவும் பதினைந்து இலக்கக் குறியீட்டின்கீழ் வரும். முதல் நான்கு இலக்கம் பெருந்தலைப்பு. மருத்துவம், பொதுச் சுகாதாரத்துக்கு 2210. அதே துறையில் கட்டடம் கட்டினால் 4210, கடன் கொடுத்தால் 6210. அதற்குக் கீழே பட்டியல் சாதியினருக்கான பங்கு 789 என்ற சிறுதலைப்பில் தனியாக நிற்கவேண்டும், பழங்குடியினருக்கானது 796இல், வடகிழக்கு மாநிலங்களுக்கான பத்து சதவீதம் 2552 என்ற தனிப் பெருந்தலைப்பில். ஒரே திட்டம் நான்கைந்து வரிகளாகப் பிரியும். 789இல் எழுதிய பணத்தை நினைத்தபோது எடுத்துப் பொது வரிக்கு மாற்ற முடியாது. மூலதனச் செலவுக்கு ஒதுக்கியதைச் சம்பளத்துக்கு மாற்ற முடியாது. ஒரு கொள்கை உரையில் மட்டும் இருந்தால் அடுத்த ஆண்டு காணாமல் போகலாம். அதற்கென்று ஒரு தலைப்பு திறந்துவிட்டால், ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒருவர் அதன் எதிரே ஒரு தொகையை எழுதியாகவேண்டும்; பூஜ்யம் எழுதினால் ஏன் என்று தணிக்கையில் கேள்வி வரும்.

கணக்கு எழுதும் முறையே ஒரு நாட்டின் நிலத்தில் தெரியும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 2017 வரை செலவுகளைத் திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்று பிரித்தோம். புதிதாகக் கட்டுவது திட்டச் செலவு, அதற்கு மதிப்பு அதிகம். கட்டியதைப் பராமரிப்பதும் அதில் வேலை பார்ப்பவருக்குச் சம்பளம் தருவதும் பெரும்பாலும் திட்டம் சாராச் செலவு. அதைக் குறைப்பதே நல்ல நிர்வாகம் என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது. சுகாதார நிலையம் கட்டப்பட்டுச் செவிலியர் இடம் காலியாகக் கிடந்ததற்குப் பின்னால் இந்தப் பிரிவினையும் இருந்தது. ரங்கராஜன் தலைமையிலான குழு 2011இல் இதை நீக்கச் சொன்னது. 2017-18 பட்ஜெட்டிலிருந்து நீங்கியது. ரயில்வே பட்ஜெட்டைப் பொது பட்ஜெட்டோடு சேர்த்ததும், பிப்ரவரி கடைசியில் வந்துகொண்டிருந்த பட்ஜெட்டை முதல் தேதிக்குக் கொண்டுவந்ததும் அதே ஆண்டில்தான். செய்தித்தாள்கள் ரயில்வேயைப் பற்றித்தான் அதிகம் எழுதின. எங்கள் அறைகளில் பெரிய மாற்றமாகப் பேசப்பட்டது திட்டம் சாராச் செலவு என்ற சொல் ஒழிந்ததுதான். தேதி மாற்றத்தாலும் நன்மை உண்டு: முன்பு முழு ஒப்புதல் மே மாதம் வரை தள்ளிப்போகும், இப்போது ஏப்ரல் முதல் தேதியே பணம் கைக்கு வருகிறது. ஆனால் கூட்டங்களும் முன்னால் வந்துவிட்டதால் ஆறு மாதக் கணக்கை மட்டும் வைத்து ஒரு முழு ஆண்டைத் தீர்மானிக்கவேண்டியிருக்கிறது.

இத்தனை இழுபறியும் எந்தப் பணத்துக்காக என்று கேட்பீர்கள். 2025-26 பட்ஜெட்டில் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி ரூபாய். அதில் வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி, நான்கில் ஒரு பங்கு. அதன்மேல் பாதுகாப்பு, ஓய்வூதியம், சம்பளம், நிதிக்குழு சொன்னபடி மாநிலங்களுக்குப் போகும் மானியம். வட்டியும் உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளமும் அரசியல் சாசனப்படி வாக்கெடுப்புக்கே வராதவை. இவையெல்லாம் போனபின் மிஞ்சும் இடத்தில்தான் பள்ளியும் குடிநீரும் ஊட்டச்சத்தும் முட்டி மோதவேண்டும்.

அந்த மோதலில் எது ஜெயிக்கும் என்பதற்கு இத்தனை ஆண்டுகளில் நான் கண்டுகொண்ட அடையாளம் ஒன்று உண்டு. விலை ஏறினால் அந்தச் சுமை யார் தலையில் விழும் என்று அந்தத் திட்டத்தின் விதியில் எழுதியிருக்கிறது என்று பார்க்கவேண்டும். அமைச்சரின் செல்வாக்கும் தேர்தலும் அதற்குப் பிறகுதான்.

யூரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 45 கிலோ மூட்டை விவசாயிக்கு 242 ரூபாய், வேம்புப் பூச்சுக் கட்டணமும் வரியும் தனி. உற்பத்திச் செலவு எவ்வளவு ஏறினாலும் மூட்டை விலை அசையாது, வித்தியாசம் அரசின் கணக்கில் விழும். 2022 பிப்ரவரி 1 அன்று அந்த ஆண்டின் உர மானியத்துக்கு 1.05 லட்சம் கோடி என்று மதிப்பிட்டார்கள். அதே மாதம் 24ஆம் தேதி உக்ரைனில் போர் தொடங்கியது. எரிவாயு விலையும் உர விலையும் எகிறின. திருத்த மதிப்பீடு 2.25 லட்சம் கோடியாக வந்து நின்றது. அந்த டிசம்பரில் துணை மானியக் கோரிக்கையில் உரத்துக்கு மட்டும் ஒரு லட்சம் கோடிக்கு மேல் நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது. யாரும் செலவு வேகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது, மூட்டை விலைக்கு அரசு கொடுத்த வாக்கு அது. விவசாயிக்கு அது தேவை என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

இப்போது இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தைப் பாருங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள முதியவருக்கு மத்திய அரசு தருவது மாதம் 200 ரூபாய். 1995இல் 75 ரூபாயாகத் தொடங்கி 2006இல் 200 ஆனது. 2011இல் வயது வரம்பு 65இலிருந்து 60 ஆகக் குறைந்தது, எண்பது வயதைக் கடந்தவர்களுக்கு 500 ஆக்கினார்கள். அதன்பின் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. மத்திய அரசு பணம் தரும் பயனாளிகளின் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு உண்டு, முதியோர் பிரிவில் சுமார் 2.2 கோடிப் பேர். தொகையும் நிலையானது, ஆள் எண்ணிக்கையும் நிலையானது. ஆகவே இந்த வரியை ஆர்.இ. கூட்டத்தில் யாரும் சீண்டுவதில்லை. விலைவாசி ஏறும் சுமை முழுதும் அந்த முதியவர் தலையில். விதவைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான உதவியையும் சேர்த்து மொத்தச் சமூக உதவித் திட்டத்துக்கு 2025-26இல் ஒதுக்கியது 9,652 கோடி, முந்தைய ஆண்டும் அதே 9,652 கோடி.

மாநிலங்கள் மேலே போட்டுக் கொடுக்கின்றன என்பது பதிலாக வரும். தமிழ்நாடு 2023இல் 1,200 ஆக்கியது, பீகார் 2025இல் 400இலிருந்து 1,100க்கு உயர்த்தியது. கொடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் மாநிலம் எவ்வளவு போட முடிகிறது என்பதைப் பொறுத்து ஒரே நாட்டில் ஒரே வயதுள்ள இரண்டு பேருக்கு வெவ்வேறு தொகை கிடைக்கிறது. அந்த இடைவெளியை நிரப்பத்தானே மத்திய அரசின் பங்கு இருக்கிறது?

கணக்கில் காட்டாமல் தள்ளிவைக்கும் வழக்கத்தையும் சொல்லவேண்டும், அதுவும் முன்னுரிமையை மறைக்கும். உணவு மானியத்துக்குப் பட்ஜெட்டில் இடம் போதாதபோது, இந்திய உணவுக் கழகத்துக்குத் தரவேண்டிய பணத்தை முழுதாகத் தராமல், தேசியச் சிறுசேமிப்பு நிதியிலிருந்து கழகமே கடன் வாங்கிக்கொள்ளும்படி பல ஆண்டுகள் நடந்தது. தபால் நிலையத்தில் மக்கள் போட்ட சேமிப்பு அது. பற்றாக்குறை எண் குறைவாகத் தெரிந்தது, வட்டி ஏறிக்கொண்டே போனது. 2020-21இல் இதை நிறுத்தி, பாக்கியையும் தீர்த்தார்கள். கொரோனா காலத்து இலவச அரிசி, கோதுமையும் சேர்ந்துகொண்டது. 1.15 லட்சம் கோடி என்று மதிப்பிட்ட உணவு மானியம் திருத்த மதிப்பீட்டில் 4.22 லட்சம் கோடி. அந்த ஆண்டின் பற்றாக்குறையைப் பார்த்துப் பலர் பதறினார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது நிம்மதி தந்த எண். கடன் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்து எதற்கு எவ்வளவு என்று நேர்மையாகப் பேச முடியும்.

இவை எல்லாம் கடைசியில் நாடாளுமன்றத்துக்கு வருகின்றன. சாசனத்தின் 113ஆவது பிரிவின்படி மானியக் கோரிக்கைகளை ஏற்கவோ குறைக்கவோ மறுக்கவோ மக்களவைக்கு அதிகாரம் உண்டு. நடைமுறையில் சில அமைச்சகங்களின் கோரிக்கைகளே விவாதத்துக்கு வரும். மீதி எல்லாம் கடைசி நாளில் கில்லட்டின் முறையில் ஒட்டுமொத்தமாக வாக்கெடுப்புக்கு விடப்படும். 2018இலும் 2023இலும் ஓர் அமைச்சகத்தின் கோரிக்கைகூட விவாதிக்கப்படாமல் அத்தனையும் நிறைவேறின. ஓர் ஆண்டு முழுக்கத் தயாரித்த அட்டவணைகள் கேள்வியே இல்லாமல் போவதில் எங்களுக்கு மகிழ்ச்சி இருந்தது என்று யாரும் நினைக்கவேண்டாம். கேள்வி வந்தால்தான் அடுத்த அக்டோபரில் எங்கள் கைக்கு வலு.

1993இல் அமைந்த துறைசார் நிலைக்குழுக்கள் இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகின்றன. அவற்றின் மானியக் கோரிக்கை அறிக்கைகளை வாசகர்கள் படிக்கவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். கட்சி வேறுபாடு இல்லாமல், ஏன் ஆர்.இ. குறைந்தது, செலவாகாத இருப்பு எவ்வளவு, எத்தனை இடம் காலி என்று கேட்டு எழுதியிருப்பார்கள். ஊரக வளர்ச்சிக்கான குழு அந்த 200 ரூபாயை உயர்த்தச் சொல்லித் திரும்பத் திரும்பப் பரிந்துரைத்திருக்கிறது. பரிந்துரை அரசைக் கட்டாது. அமைச்சகம் பதில் அனுப்பும், குழு மீண்டும் எழுதும்.

உயர்த்த வழி இல்லாமல் இல்லை. அது இதே பட்ஜெட்டில் வேறு பக்கத்தில் இருக்கிறது. மத்திய அரசு ஊழியரின் அகவிலைப்படியும் என்னைப் போன்ற ஓய்வுபெற்றவரின் அகவிலை நிவாரணமும் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டோடு கட்டப்பட்டவை. ஜனவரி ஒரு முறை, ஜூலை ஒரு முறை, கணக்குப் போட்டு உயர்த்துகிறார்கள். அதற்காக நான் யாரிடமும் மனுக் கொடுக்கவேண்டியதில்லை, எந்தக் குழுவும் பரிந்துரைக்கவேண்டியதில்லை. சூத்திரம் இருக்கிறது, பணம் வருகிறது. அதே சூத்திரத்தை முதியோர் ஓய்வூதியத்துக்கும் எழுதிவைத்தால் அதுவும் யூரியா மூட்டையைப் போலத் தானே பணத்தை இழுத்துக்கொள்ளும்.

செலவு எவ்வளவு ஆகும் என்று செலவினத் துறை கேட்கும். 2.2 கோடிப் பேருக்கு மாதம் 100 ரூபாய் கூட்டினால் ஆண்டுக்குச் சுமார் 2,640 கோடி. 2025-26 பட்ஜெட்டின் மொத்தச் செலவான 50.65 லட்சம் கோடியில் அது நூறு ரூபாய்க்கு ஐந்து காசு. 2006இல் 200 ரூபாய் வாங்கியதை இன்று வாங்க வேண்டுமானால் 100 ரூபாய் போதாது, அதைப்போலப் பல மடங்கு வேண்டும். ஒரே ஆண்டில் முடியாது என்பார்கள். நான்கு ஆண்டில் படிப்படியாக ஏற்றி, அதன்பின் குறியீட்டோடு கட்டிவிடலாம். திட்டங்களை ஐந்தாண்டு நிதிக்குழுக் காலத்தோடு சேர்த்து மறுபரிசீலனை செய்யவேண்டும் என்று விதி இருக்கிறது. பதினைந்தாவது நிதிக்குழுவின் காலம் 2026 மார்ச் வரை. அடுத்த ஐந்தாண்டுக்குத் திட்டம் நீட்டிப்புக்கு வரும்போது செலவின நிதிக் குழுவுக்குப் போகும் குறிப்பில் இந்தச் சூத்திரத்தை ஒரு பத்தியாக எழுதி வைக்கவேண்டியது அமைச்சகத்தின் நிதிப் பிரிவு. அந்த நாற்காலியில் இப்போது இருப்பவருக்காகவே இவ்வளவும் எழுதினேன்.